ஓராண்டுப் படிப்புக்கு எட்டு மாதம்

அன்று எங்கள் ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அடுத்த வீட்டு அஞ்சலை அக்கா, பெரிய கிராணியார். நானும் இருந்தேன்; ஆனால் என்னை யாரும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தோட்டத்துத் துரை. லீவில் சீமைக்குக் கப்பலேறிச் சில நாள்தான் ஆகியிருந்தது. மற்றவர் ஈப்போவில் வணிகப் பள்ளிக்கூடம் நடத்திய சாமுவேல் மாஸ்டர்.

பேச்சு முழுக்க அந்தப் பள்ளிக்கூடத்துப் படிப்பு எத்தனை மாதம் என்பதைப் பற்றி. விடை தெரிந்த ஒரே மனிதர் சாமுவேல் மாஸ்டர். அவர் அங்கே இல்லாததால் எங்கள் வாசலில் விடை வெகு சுலபமாகக் கிடைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. புகைக்கூடத்திலிருந்து ரப்பர் தகட்டின் வாடை வந்துகொண்டிருந்தது. பெரிய கிராணியார், எங்கள் வீட்டில் இருந்த ஒரே முக்காலியில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். தோட்டத்து அலுவலகத்தில் மூத்த எழுத்தர்; துரைக்கு அடுத்த ஆள் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர்.

"கேட்டியோ கருப்பண்ணன், சின்னக் கிராணி ஊருக்குப் போறார். இன்னும் எட்டு மாசம்தான். அந்த நாற்காலிக்கு டைப் அடிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு துரை சொல்லிப்போட்டுப் போனவர். உன்ர பெடியன் ஏழாம் வகுப்பு இங்கிலீசு படிச்சவன்தானே?"

"படிச்சிருக்கான் ஐயா. எம் பரம்பரையிலயே அவன்தான் பென்சில் புடிச்சவன்."

"ஈப்போவில ஒரு பள்ளிக்கூடம் கிடக்கு. பேப்பரில போட்டிருக்கினம். டைப், கணக்குப் பதிவு, கடிதம் எல்லாம் படிப்பிச்சு சர்ட்டிபிகேட் குடுப்பினம். முழு நேரப் படிப்பு. ஓராண்டு."

அம்மாவின் முகம் வாடியது. எட்டு மாதத்தில் காலியாகும் நாற்காலிக்குப் பன்னிரண்டு மாதப் படிப்பு. அப்பாவின் முகமோ மலர்ந்தது.

"முழு நேரமா?"

"ஓம். முழு நேரம்."

"அப்ப எட்டு மாசம்தான் ஐயா."

"என்னண்டு?"

"காலையில பால் மரம் வெட்டிப் பாலெடுத்தா ஒரு நாள். மத்தியானம் புல்லு வெட்டவும் போனா இன்னொரு அரை நாள். ஐயாதானே செக்ரோல் சம்பளக் கணக்குல ஒன்றரைன்னு போடுறீங்க? முழு நேரம் உக்காந்தா ஒரு நாளைக்கு ஒன்றரை நாள் படிப்பு. அப்படிப் பாத்தா பன்னெண்டு மாசம் எட்டு மாசத்துல முடிஞ்சிடும்லா."

பெரிய கிராணியார் அப்பாவை ஒரு நிமிடம் பார்த்தார். மறுத்துச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் புன்னகை செய்தார்.

"சரி. எட்டு மாசம் எண்டே துரைக்கு எழுதிவிடுறன். அண்டைக்கு ஆள் வராட்டி என்ர மைத்துனன் யாழ்ப்பாணத்தில ரெடியாய் இருக்கிறான்."

அப்போதுதான் அந்தப் புன்னகையின் பொருள் எனக்கு விளங்கியது. அப்பாவுக்கு விளங்கவில்லை. அஞ்சலை அக்கா அதற்குள் எழுந்து லயம் முழுவதும் சொல்லப் போய்விட்டாள்.

சன்னலுக்கு அந்தப் பக்கம்

அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சம்பள நாளில் எங்கள் ஆட்கள் அலுவலகத்துச் சன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். கம்பிகளுக்கிடையே கையை மட்டும் உள்ளே விடலாம். கைக்கு அப்பால் தெரிவது அந்தப் பிரம்பு நாற்காலி. என் அப்பாவின் கை இருபது வருஷமாக அந்தச் சன்னலுக்குள் போய் வந்திருக்கிறது. உடம்பு போனதில்லை.

லயத்துப் பிள்ளை ஒருவன் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்ற எண்ணமே எங்கள் தோட்டத்தில் புதிது. கோலா கங்சார் சாலையோரத்தில் வேறு தோட்டங்களிலும் அப்படி நடந்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அதனால் "எட்டு மாதம்" என்ற சொல் தண்ணீர்க் குழாயடி, கள்ளுக்கடை, கோயில் என்று எல்லா இடமும் சுற்றி வந்தது. நான் இன்னும் ஈப்போவுக்கு ரயிலேறவில்லை, அதற்குள் "ஏழே முக்கால் மாசம்தானே பாக்கி?" என்று கேட்டார்கள்.

பெரிய கிராணியார் சொன்னபடியே துரைக்குக் கடிதம் எழுதினார். என் பெயரைக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. "கருப்பண்ணன் கொண்டுவரும் ஆள், சர்ட்டிபிகேட்டுடன், எட்டு மாதத்தில்" என்று எழுதினார். கேட்டிருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

பெரட்டு

ஈப்போவில் சிலிபின் என்ற பகுதியில் அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் தங்கி, மறுநாள் விடியும்போதே அப்பா என்னைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனார். தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டு ஐந்தரை மணிக்கு. பிந்தினால் பெயர் கிடையாது. முழு நேரப் படிப்புக்கும் அப்படித்தான் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை.

பள்ளிக்கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடி. கடை பூட்டியிருந்தது. அப்பா படியடியில் என்னை நேராக நிற்க வைத்து, தானும் நின்று, காட்டில் ஆள் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார்.

மாடிச் சன்னல் திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. வாயெல்லாம் கரித்தூள்.

"யாருய்யா அது?"

"பெரட்டுக்கு வந்திருக்கோம் ஐயா! கருப்பண்ணன் மவன், ஒரு ஆள்!"

தலை உள்ளே போய், வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி வந்தது. அதுதான் சாமுவேல் மாஸ்டர்.

"பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு."

"முழு நேரம்னு போட்டிருக்காமே?"

"ஒன்பதிலிருந்து நாலு மணி வரை. அதுதான் முழு நேரம்."

அப்பா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "ஏழு மணி நேரந்தானாம். சுகவாசிங்க."

ஒன்பது வரை இருவரும் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். பக்கத்துக் காப்பிக் கடையில் வறுத்த கொட்டையின் மணம் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துச் சாவி திரும்பும் வரை எழுந்துபோக அப்பா சம்மதிக்கவில்லை. இடம் போய்விடுமாம்.

இருநூற்று நாற்பது கையெழுத்து

சாமுவேல் மாஸ்டர் மெலிந்த மனிதர். ஞாயிறு தோறும் தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர். டைப் அடிப்பதிலும் தாளம் தப்பக்கூடாது என்பார். அப்பா அவரிடம் நேராகவே கேட்டார்.

"படிப்பு எத்தன மாசம் ஐயா?"

"மாசக் கணக்கு இங்கே கிடையாது. கையெழுத்துக் கணக்குத்தான்."

அவர் விளக்கினார். டைப் இயந்திரம் இரண்டே இரண்டு. மாணவர்கள் பதினெட்டுப் பேர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை, நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு பக்கம் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தால் அவரவர் அட்டையில் ஒரு கையெழுத்து. மற்ற நேரமெல்லாம் கடிதம் எழுதுவது, பேரேடு பழகுவது, மற்றவர்கள் அடிக்கும் ஓசையைக் கேட்பது. வாரத்துக்கு ஐந்து கையெழுத்து, நாற்பத்தெட்டு வாரம். ஆக இருநூற்று நாற்பது.

"மிச்ச நாலு வாரம்?" என்றார் அப்பா.

"எல்லாச் சாதி மாணவரும் இருக்கிறார்களே. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ், ராஜா பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள்."

"இவனுக்கு லீவு வேணாம் ஐயா. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கையெழுத்துப் போட்டுடுங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "அரைக் கையெழுத்துப் போட எனக்குத் தெரியாது" என்றார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கமாட்டார். காலையில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் நீலப் பென்சிலால் முறை எண்ணைப் போட்டு வைத்துவிடுவார். அடித்த தாள்கள் தட்டில் சேரும். நாலு மணிக்கு எல்லாரும் போனபின் தனியே உட்கார்ந்து திருத்துவார்; அட்டைகளில் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டிவிடுவார். "ஆளைப் பார்த்தால் பாசம் வரும். தாளைப் பார்த்தால் நியாயம் வரும்" என்று சொல்லுவார்.

அதை நான் மிகவும் மதித்தேன். என் முறை எண் ஏழு. தாள் மூலையில் இருந்த ஏழு என்ற எண், முறை வரும் வேளைக்கானது என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கான எண் என்று எனக்குத் தோன்றவில்லை; யார் அடித்தாரோ அவர் அட்டையில் கையெழுத்து விழும் என்று நம்பினேன். கேட்கவும் இல்லை. கேட்டால் தோட்டத்துப் பையன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம்.

முடிக்க விரும்பாத மாணவன்

எட்டாம் முறைக்காரன் அப்துல் காதர். பாரிட் புந்தாரில் அவன் வாப்பாவுக்குத் துணிக்கடை. இராமநாதபுரத்துக் குடும்பம். ஈப்போவில் அவன் மாமா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கடை மாடியில் எனக்கும் ஒரு பாய் போட இடம் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான்.

காதர் அந்த ஓராண்டுப் படிப்பில் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ஏன் மச்சான் முடிக்கல?"

"முடிச்சா என்ன ஆவும் தெரியுமா? வாப்பா அடுத்த ரயில்லயே வந்திடுவாரு. பாரிட் புந்தார்ல கடை. சுத்தி வயக்காடு. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் சாரத் துணி அளந்து குடுக்கணும். அப்புறம் மாமா மவளோட நிக்காஹ். இங்க பாரு, பயாஸ்கோப்பு இருக்கு, கச்சான் கடலை இருக்கு, நீ இருக்க. என்ன அவசரம் லா?"

முதல் வருஷம் ஒழுங்காக வந்து, பாடப் பக்கத்தை மட்டும் மனப்பாடமாகத் தட்டி நூற்று அறுபது கையெழுத்து வாங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் ஆபத்து அவனுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் மறவாமல் ஒரு பிழை வைத்தான். கடைசி வரியில் வைப்பான். "மொத வரியில வச்சா மாஸ்டர் மனசு நோவும்" என்பான்.

என் நிலைமையைக் கேட்டதும் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அட, இவ்வளவுதானா? எம் முறைய நீ எடுத்துக்க. எனக்குக் கையெழுத்து வேணாம். உனக்கு வேணும்."

"தினமும் எடுத்தா மாஸ்டருக்குத் தெரிஞ்சிடாதா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடு. மத்த நாள்ல நான் உக்காந்து தப்பாத் தட்டுறேன்."

தாள் மூலை எண் வேளைக்கானது என்றே அவனும் நினைத்திருந்தான். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். என் முறை ஒன்று. காதரின் முறையில் பாதி. ஒரு நாளைக்கு ஒன்றரை. அப்பா வாசலில் உட்கார்ந்து சொன்ன கணக்கு எழுத்துப் பிசகாமல் வந்து நின்றது.

எட்டு மாதம் அப்படியே அடித்தேன். இடப்பக்க இயந்திரத்தில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். ஊசியால் நெம்ப வேண்டும். கீழே சைக்கிள் கடையில் சக்கரம் தட்டும் ஓசை, மேலே எங்கள் ஓசை. ரிப்பன் மை நகத்தில் ஏறிச் சோற்றிலும் மணந்தது. காதர் என் பக்கத்தில் உட்கார்ந்து கச்சான் உரித்துக்கொண்டே, "மெதுவா மச்சான், இயந்திரம் தீப்பிடிச்சிரும்" என்பான். விடுமுறை விட்ட நாளெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல். சுல்தான் இன்னொரு நாள் பிறந்திருக்கக்கூடாதா என்று நினைத்ததுண்டு. அது தவறு, பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

பிழையில்லாமல் அடித்த ஒவ்வொரு தாளுக்கும் சுவரில் ஒரு கோடு கிழித்தேன். இருநூற்று நாற்பதாம் கோடு கிழித்த வெள்ளிக்கிழமை மத்தியானம், சர்ட்டிபிகேட் வாங்குவதைப் பார்க்க வரச் சொல்லி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆள் அனுப்பினேன்.

மாலை இடம் மாறியது

மறுநாள் காலை சர்ட்டிபிகேட் கொடுக்கும் வேளை. அப்பா சம்பங்கி மாலையோடு வந்தார். அம்மா ஒரு தகர டப்பா நிறைய முறுக்கு கொண்டுவந்தாள். மாணவர் பதினெட்டுப் பேரும் பெஞ்சில் இருந்தோம்.

சாமுவேல் மாஸ்டர் அலமாரியைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். "இருநூற்று நாற்பதையும் முடித்தவர் இம்முறை ஒருவர்" என்றார்.

அதற்குமேல் அப்பா காத்திருக்கவில்லை. மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

"முறை எட்டு. அப்துல் காதர்."

காதர் கையிலிருந்த கச்சானைக் கீழே விட்டான். "சார், சாலா சார். தப்பு. நான் முடிக்கல!"

"என் அட்டையிலா தப்பு? நூற்று அறுபதில் நின்றாய். இந்த எட்டு மாதத்தில் எண்பது தாள், ஒரு பிழை இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் உன் கை திருந்திவிட்டது. கர்த்தருக்குத் தோத்திரம்."

என் அட்டையையும் காட்டினார். நூற்று அறுபது.

தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆளுக்கு ஒதுக்கிய மர வரிசையை நிரை என்போம். யார் வாளியைத் தூக்கி வந்தாலும் ரப்பர் பால் யாருடைய நிரையிலிருந்து வந்ததோ அவர் பெயரில்தான் எடை போடுவார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன், எண்பது வாளி பாலை காதரின் பெயரில் ஊற்றிவிட்டு நின்றேன்.

எழுந்து உண்மையைச் சொன்னேன். எட்டாம் முறையில் பாதி நாள் அடித்தது நான்தான் என்றேன். மாஸ்டரின் முகம் தாளைப்போல வெளுத்தது. இரண்டு அட்டைகளையும் மேசைமேல் அருகருகே வைத்தார்.

"போட்ட கையெழுத்தை அழிக்கமாட்டேன்" என்றார் கடைசியில். "ஒன்றை அழித்தால் மற்றவற்றை யார் நம்புவார்? உனக்கு எண்பது குறைகிறது. பதினாறு வாரம். இனி உன் முறையில் மட்டும் உட்காருவாய்."

பதினாறு வாரம் என்றால் நாலு மாதம். சின்னக் கிராணி அடுத்த வாரம் கப்பலேறுகிறார்.

அம்மா என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கவில்லை. என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக் காதரின் கழுத்தில் போட்டாள். "பாஸானது இந்தப் புள்ளதானே" என்றாள். காதருக்குக் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்ததல்ல, பாரிட் புந்தாரை நினைத்து வந்தது.

நாற்காலியும் நிரைதான்

அப்பா படியில் இறங்கிப் போய் உட்கார்ந்தார். நானும் காதரும் பின்னாலேயே போனோம். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றைக் கடித்தார். இரண்டாவது முறுக்கில் பேசினார்.

"ஒருத்தன் காய்ச்சல்ல படுத்துட்டா அவன் நிரைய நாம என்னடா செய்வோம்?"

"மாத்தாள் போட்டு வெட்டுவோம்பா."

"எதுக்கு?"

"நிரை சும்மாக் கெடந்தா வேற ஆளுக்குக் குடுத்திடுவாங்க."

"நாற்காலியும் நிரைதான்" என்றார் அப்பா. பிறகு காதரைப் பார்த்தார். "தம்பி, எம் மவன் எட்டு மாசம் உன் நிரைய வெட்டிக் குடுத்தான். நீ நாலு மாசம் அவன் நாற்காலியில உக்காரு."

"மாமா, பாடப் பக்கத்தத் தவிர எனக்கு டைப் அடிக்கத் தெரியாதே!"

"உக்காரத் தெரியும்லா?"

காதர் யோசித்தான். நாலு மாதம் பாரிட் புந்தார் தள்ளிப்போகும். "என்னிக்கு ரயிலு மாமா?" என்றான்.

அடுத்த வாரம் அவனை அலுவலகச் சன்னலுக்கு வெளியே, பெரிய கிராணியார் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார் அப்பா. பின்னால் அப்பா சொல்லி நான் கேட்டது இது.

"இது ஆர்? உன்ர பெடியனே?"

"நான் கொண்டுவந்த ஆள் ஐயா. சர்ட்டிபிகேட் இருக்கு. எட்டு மாசம் ஆச்சு. கடுதாசில இதத்தானே எழுதினீங்க?"

பெரிய கிராணியார் சர்ட்டிபிகேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நின்றது. மைத்துனனுக்கு "இப்ப வர வேண்டாம்" என்று தந்தி போயிற்று.

அப்பாவின் கடிதங்கள்

அந்த நாலு மாதம் நான் பட்ட பாடு எட்டு மாதத்தில் பட்டதில்லை. மாற்றாள் நிரையைத் திருப்பிக் கொடுப்பான் என்று என்ன நிச்சயம்? அப்பாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்திலிருந்து எனக்கு வந்த கடிதங்களை அப்பா சொல்லச் சொல்ல எழுதியவன் காதர்.

"மகனே வேலு, இங்கே எல்லாரும் சுகம். உன் நண்பன் காதர் தங்கமான பிள்ளை. லயத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறான். காசு வாங்குவதில்லை. அவனைப் போன்ற பிள்ளையைப் பெற்ற தகப்பன் பாக்கியவான். நேற்று உன் அம்மா கெண்டை மீன் குழம்பு வைத்தாள். காதர் மூன்று தட்டுச் சாப்பிட்டான். நாற்காலி வெகு சௌகரியமாக இருப்பதாகச் சொல்கிறான்."

இதில் எது அப்பா சொன்னது, எது காதர் சேர்த்தது என்று படித்துப் படித்துப் பார்ப்பேன். கடைசி வரி என் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். அன்றைக்கு இயந்திரத்தில் பிழை விழும். கையெழுத்து விழாவிட்டால் இன்னும் ஒரு நாள் கூடும் என்ற பயத்தில் அதே முறைக்குள் மறுபடி அடிப்பேன்.

தோட்டத்தில் வேறு கதை நடந்திருக்கிறது. காதர் ஒரு கடிதம் அடிக்க அரை நாள் எடுப்பான். பொறுக்க முடியாமல் பெரிய கிராணியார் இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்துத் தானே அடிப்பார். "ஐயா தட்டுற அழகே தனி" என்று சொல்லிக்கொண்டே காதர் விசிறியால் வீசுவானாம். நாலு மாதத்தில் பெரிய கிராணியார் நன்றாக டைப் பழகிவிட்டார்.

எட்டு யார் சொன்னது

எண்பதாவது கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு நான் தோட்டத்துக்கு வந்தபோது துரை சீமையிலிருந்து திரும்பி மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று காலை காதருக்கு ஒரு கடிதம் அடிக்கக் கொடுத்திருந்தார். பத்து மணிக்குக் கொடுத்தது. பதினொன்றுக்கும் தேதியைத் தாண்டவில்லை.

நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். அப்பா என்னைத் தள்ளிக்கொண்டு வாசல் வழியாகவே உள்ளே வந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. வந்தவர், வெறுங்காலில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துத் தயங்கி, விளிம்பிலேயே நின்றார்.

துரைக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும். "இது யார்? வேலைக்கு ஆள் இருக்குதே?"

காதர் எழுந்துகொண்டான்.

"துரை, இந்த நாற்காலி அவனோட நிரை. நான் மாத்தாள்" என்றான்.

பதினைந்து வருஷமாகத் தோட்டம் பார்ப்பவர் துரை. வேறு விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. விரலால் நாற்காலியைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தை அடித்தேன். ஒரு பிழையும் விழவில்லை. அவர் சுருட்டைப் பற்றவைத்து முதல் புகை விடுவதற்குள் தாளை உருவிக் கொடுத்தேன்.

துரை பெரிய கிராணியாரைப் பார்த்தார். "படிப்பு எத்தனை மாசம்?"

"பேப்பரில பன்னிரண்டு மாசம் துரை."

"இவன் எத்தனை மாசம் படிச்சான்?"

"பன்னிரண்டு மாசம் துரை."

"அப்போ, எட்டு மாசம் யார் சொன்னது?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தலைகுனியவில்லை.

"நான்தான் துரை சொன்னேன். எட்டு மாசத்துல ஆள் வந்துச்சா இல்லையா?"

துரைக்குச் சிரிப்பில் புகை மூக்கில் ஏறி இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து, நாற்காலி எனக்கு என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: டைப் அடிக்கத் தெரியாதவனுக்கு டைப் அடிக்கும் சம்பளம் கிடையாது, காதருக்குக் காட்டு வேலைக் கூலிச் சம்பளம்தான், கூடுதலாக வாங்கியது திரும்பி வர வேண்டும்.

காதர் பரவாயில்லை என்றான். அப்பா ஒப்பவில்லை. நம் நிரையில் நின்றவன் கைப்பொருளை இழந்து போகக்கூடாது என்று, அந்த வித்தியாசத்தை என் சம்பளத்திலிருந்து காதருக்குக் கட்டிவிடச் சொன்னார். அவன் கிளம்பும் முன்பு ஒரு விருந்தும் வைத்தார். அவன் சாப்பிட வேண்டுமே என்று, பக்கத்து மலாய்க் கம்பத்து ஹாஜியாரிடம் ஆட்டைக் கொண்டுபோய் அறுத்து வாங்கி வந்தோம். பெரிய கிராணியாரும் வந்து இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காதர் இப்போது பாரிட் புந்தாரில் சாரம் அளக்கிறான், நிக்காஹும் ஆகிவிட்டது, சந்தோஷமாகத்தான் இருக்கிறானாம். அதைச் சொல்ல அவனுக்கு வெட்கம்.

முழு நேர வணிகப் படிப்புக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டு, இந்தத் தொடரைப் படிக்கும் வாசகர் சிலர் எழுதியிருந்தார்கள். ஓராண்டு ஆகும். செலவையும் கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துச் சம்பளம் அறுபது வெள்ளி, மாடியில் பாய் போட்ட வாடகை இருபத்து நாலு, காதருக்குக் கட்டிய வித்தியாசம் நாற்பத்தெட்டு, ஆடு ஒன்பது. எல்லாம் சேர்த்து நூற்று நாற்பத்தொரு வெள்ளி.